வீட்டுக்காரர் போன பிறகு எந்தக் காகிதம் முதலில், எந்த வாசல் அடுத்தது?

என் வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலராக இருந்தார். 2022 ஐப்பசியில் ஒரு நாள் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தவர், விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோவைக்குக் கொண்டுபோனோம். அன்று மதியமே போய்விட்டார். அவருக்கு 39 வயது, எனக்கு 34. மகன் ஏழாம் வகுப்பு, மகள் மூன்றாம் வகுப்பு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் பஸ் ஏறிய பிறகு என் கையில் இருந்தது 2,300 ரூபாய். வீட்டு வாடகையே 3,500. "தைரியமா இரும்மா" என்று சொல்லாதவர் யாரும் இல்லை. எந்த ஆபீசுக்குப் போக வேண்டும், என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று சொன்னவர்தான் ஒருவரும் இல்லை. மூன்று மாதத்தில் முடிய வேண்டியதை முடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த ஐந்து மாத அலைச்சலை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் தனியார் சம்பளத்துக்கோ தினக்கூலிக்கோ போகிற குடும்பங்களுக்கானது இது. அரசு ஊழியர் குடும்பங்களுக்கு விதிமுறை வேறு. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். நமக்குச் சேர வேண்டிய எதுவும் தானாக வீடு தேடி வராது. கேட்டால்தான் வரும், கேட்பதற்கும் நாள் கணக்கு இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் ஒரு ஃபைலும் ஒரு நோட்டும் வாங்குங்கள். எந்தத் தேதியில், எந்த ஆபீசில், எந்த மேசையில், என்ன சொன்னார்கள் என்பதை அங்கேயே நின்று எழுதுங்கள். துக்கத்தில் இருக்கும் மனது எதையும் பிடித்து வைக்காது. எனக்கு அந்த மாதங்களில் பாதி நாள் நினைவிலேயே இல்லை, நோட்டில்தான் இருக்கிறது.

1. இறப்புச் சான்றிதழ்: 21 நாளுக்குள் பதிவு

மற்ற எல்லாக் கதவுக்கும் சாவி இதுதான். இறந்து 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. 21 தாண்டி 30 நாள் வரை தாமதக் கட்டணம். 30 நாளைத் தாண்டினால் மேலதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவு வரை போக வேண்டியிருக்கும்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குடியிருக்கும் ஊரில் பதிவு செய்ய முடியாது, உயிர் பிரிந்த ஊரில்தான் பதிவு. நாங்கள் குடியிருந்தது திருப்பூர், சொந்த ஊர் தேனி பக்கம், உயிர் பிரிந்தது கோவை. திருப்பூரில் இரண்டு நாள் அலைந்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் தகவல் அனுப்ப வேண்டியது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. அனுப்பிவிட்டார்களா என்று நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் இறந்திருந்தால் பார்த்த டாக்டரிடம் இறப்புக் காரணச் சான்று வாங்கிக்கொண்டு நீங்களே போய்ப் பதிய வேண்டும்.

பதிவதற்கு முன்னால் பெயரைப் பாருங்கள். ஆதாரில் இருக்கிற அதே எழுத்து, அதே இனிஷியல். என் வீட்டுக்காரருக்கு ரேஷன் கார்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பி.எஃப். கணக்கில் இனிஷியலே இல்லை, அப்பா பெயர் முழுதாக. ஆஸ்பத்திரிச் சீட்டில் அவசரத்தில் நான் சொன்னதை அவர்கள் எழுதினார்கள், சான்றிதழும் அப்படியே வந்தது. அந்த ஒரு எழுத்துக்காகப் பின்னால் பத்து வாரம் போனது. துக்க நேரத்தில் இதைச் சொல்லி அனுப்ப நமக்கு நிதானம் இருக்காது. தம்பியோ கொழுந்தனாரோ ஒருவரிடம் ஆதார் அட்டையைக் கொடுத்து, "இதைப் பார்த்து எழுதச் சொல்லு" என்று அனுப்பிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் சான்றிதழை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். கியூ.ஆர். குறி இருக்கும், அதனால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். பத்தாவது கையில் வைத்திருங்கள்.

2. அவருடைய சிம் கார்டு சாகக் கூடாது

அவர் போனை யாருக்கும் கொடுக்காதீர்கள். சிம்முக்கு ஆறு மாதமாவது ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். பி.எஃப்., வங்கி, காப்பீடு என்று எதைத் தேடினாலும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். பழைய குறுஞ்செய்திகளில் பிரீமியம் கழித்த தகவல், கடன் தவணை, சீட்டுப் பணம் எல்லாம் கிடக்கும். நமக்குத் தெரியாமல் அவர் கட்டிய பாலிசி ஏதாவது இருந்தால் இங்கேதான் தடயம்.

அவருடைய ஏ.டி.எம். கார்டை எடுத்துக்கொண்டு போய்ப் பணம் எடுக்காதீர்கள். நம் பணம்தானே என்று தோன்றும். ஆனால் இறந்த தேதிக்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் மற்ற வாரிசுகள் கணக்குக் கேட்கலாம், வங்கியும் கேட்கும்.

3. பாஸ்புக்கில் 436 ரூபாய்

இந்தப் படிக்கு மட்டும் நாள் தள்ளாதீர்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர்தான், "பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் பார், மே மாசத்துல 436 ரூபா பிடிச்சிருக்கான்னு பார்" என்றார். மிஷினில் பாஸ்புக்கை வைத்தேன். கறகறவென்று மூன்று பக்கம் அடித்தது. விரலை வைத்து வரி வரியாக இறங்கினேன். பால் பாக்கெட்டுக்கு ஜி-பே, மகன் ஸ்கூல் ஃபீஸ், ஒரு டீக்கடைக்கு 24 ரூபாய், அதற்குக் கீழே 436. அந்த வரியைப் பார்த்து அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். கணக்குத் தொடங்கும்போது வங்கியில் போடச் சொன்ன கையெழுத்து அது. அவரே மறந்திருப்பார்.

அந்த 436 ரூபாய் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான ஒரு வருடப் பிரீமியம். 18 முதல் 50 வயது வரை சேரலாம், 55 வயது வரை பாதுகாப்பு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை ஒரு வருடம். புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளுக்குள் விபத்து அல்லாத காரணத்தால் இறந்தால் மட்டும் கிடைக்காது. 20 ரூபாய் பிடித்திருந்தால் அது சுரக்ஷா காப்பீடு. விபத்தில் இறந்தால் மட்டும் 2 லட்சம், 70 வயது வரை.

கேட்க வேண்டியது கணக்கு இருக்கும் அதே வங்கிக் கிளையில். கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் ஆதார், நாமினியின் பாஸ்புக் முதல் பக்கம், இவ்வளவுதான். இறந்து 30 நாளுக்குள் கொடுத்துவிடுவது நல்லது. நாள் தாண்டியிருந்தாலும் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

கவுன்டரில் "அப்படியெல்லாம் எதுவும் இல்லம்மா" என்று சொல்லக்கூடும். எனக்கும் சொன்னார்கள். பாஸ்புக் வரியைக் காட்டி, மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, என்னிடம் இருக்கும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினேன். அதற்குப் பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

ஜன்தன் கணக்கின் ரூபே கார்டிலும் விபத்துக் காப்பீடு இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 28-க்குப் பிறகு தொடங்கிய கணக்கென்றால் 2 லட்சம். விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் அந்தக் கார்டைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எல்.ஐ.சி. போன்ற வேறு பாலிசி இருந்தால் அசல் பத்திரத்தைத் தேடி எடுங்கள். பாலிசி போட்டு மூன்று வருடம் தாண்டிவிட்டால், விண்ணப்பத்தில் அது தவறு இது மறைப்பு என்று சொல்லி மறுக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

4. வாரிசுச் சான்றிதழ்

இறப்புச் சான்றிதழ் வந்த மறுநாளே இதற்கு விண்ணப்பியுங்கள். கொடுப்பவர் தாசில்தார். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். இறப்புச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் போட்டோ கொண்டுபோங்கள். திருமணம் பதிவாகியிருந்தால் அந்தச் சான்றும். முதன்முறை போகிறவர்களுக்கு அங்கேயே ஒரு 'கேன்' எண் போட்டுத் தருவார்கள். அந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாச் சான்றுக்கும் வேண்டும்.

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.விடம் போகும், அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், பிறகு தாசில்தார். வி.ஏ.ஓ. விசாரணைக்குக் கூப்பிடுவார். அக்கம்பக்கத்தில் இருவரை அழைத்து வரச் சொல்வார். நான் ஃபைல் தானாக நகரும் என்று நினைத்து மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டேன். போய்க் கேட்டால், "நீங்க வரவே இல்லையேம்மா" என்றார் வி.ஏ.ஓ. விண்ணப்பித்த மூன்றாம் நாள் ரசீதை எடுத்துக்கொண்டு நீங்களே போய் நில்லுங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள். கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் பாதிப் பேர் அங்கே இருப்பார்கள்.

மாமியார் உயிரோடு இருந்தால் அவர் பெயரும் வர வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், பங்கும் சமம். மையத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஒரு ஆள் என்னிடம், "கிழவி பேரை விட்டுடுங்க அக்கா, பின்னால கையெழுத்துத் தொல்லை இருக்காது" என்றான். அதற்குத் தனிக் காசும் கேட்டான். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பின்னால் தெரிந்தால் சான்றிதழே ரத்தாகும். அது மட்டும் இல்லை, மகனைப் பறிகொடுத்த அத்தைக்கும் அது உரிமைதான். நான் எங்கள் அத்தையிடம் நேராகப் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை எல்லாக் கையெழுத்துக்கும் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தவர் அவர்தான்.

உறவில் எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். அந்த முதல் இரண்டு மாதம் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளில் போடவே கூடாது. 'விடுதலைப் பத்திரம்' என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அது உங்கள் பங்கை நீங்களே விட்டுக்கொடுக்கும் பத்திரம்.

சில இடங்களில் பெரிய தொகைக்கு நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று கேட்பார்கள். தாசில்தார் தருவது வேறு, அது வேறு. கோர்ட் கட்டணமும் மாதக்கணக்கில் காலமும் பிடிக்கும். எந்த விதியின்படி கேட்கிறீர்கள் என்று எழுத்தில் வாங்கிய பிறகே அந்தச் செலவில் இறங்குங்கள்.

5. வங்கிக் கணக்கு

நாமினி நீங்கள் என்றால் படிவம், இறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாளச் சான்று போதும். எல்லாக் காகிதமும் கொடுத்த 15 நாளுக்குள் முடித்துத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நாமினி இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கையெழுத்தும் கேட்பார்கள். உறுதிமொழிப் பத்திரம் எழுத நேர்ந்தால், நான் போனபோது 20 ரூபாய்ப் பத்திரம், 2024-ல் அது 200 ஆகிவிட்டது. நோட்டரிக்குத் தனி. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள் மட்டுமே, முழு உரிமை அவருக்குத்தான் என்று அர்த்தமில்லை. உங்கள் நாத்தனாரோ மாமனாரோ நாமினியாக இருந்தாலும் உங்கள் பங்கு போய்விடாது.

6. பி.எஃப்., இ.எஸ்.ஐ., பணிக்கொடை

கம்பெனி வேலை என்றால் பெரிய தொகை இங்கேதான். 'பி.எஃப். பணம்' என்று ஒன்றைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் அது மூன்று.

முதலாவது, அவர் கணக்கில் சேர்ந்த பணம். படிவம் 20.

இரண்டாவது, குடும்ப ஓய்வூதியம். படிவம் 10டி. மனைவிக்கு மாதம் குறைந்தது 1,000 ரூபாய். அதோடு இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை, உங்கள் ஓய்வூதியத்தில் கால் பங்கு தனித்தனியாக. வேலையில் இருக்கும்போது இறந்திருந்தால் பத்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை, ஒரு மாதப் பணம் கட்டியிருந்தாலே போதும். பத்து வருட விதியைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் நகராதீர்கள்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாதது, இ.டி.எல்.ஐ. காப்பீடு. படிவம் 5 ஐ.எஃப். ஒரு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து, பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். இதற்குத் தொழிலாளி சம்பளத்திலிருந்து ஒரு காசும் பிடிப்பதில்லை, அதனால் சம்பளச் சீட்டில் இது தெரியவே தெரியாது. எங்கள் கம்பெனி ஆபீஸிலும் முதலில் படிவம் 20 மட்டும்தான் கொடுத்தார்கள். மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். இப்போது மூன்றுக்கும் சேர்த்து ஒரே கூட்டுப் படிவமும் இருக்கிறது.

பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைச் சம்பளச் சீட்டிலோ அவர் போனிலோ பார்க்கலாம். இறப்புச் சான்றிதழ், எல்லோர் ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக் பக்கம், பிள்ளைகளோடு எடுத்த போட்டோ வேண்டும். பிள்ளைகள் பேரிலும் வங்கிக் கணக்குக் கேட்டார்கள், முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள். நாமினேஷன் இணையத்தில் போட்டிருந்தால் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் கம்பெனி கையெழுத்தோடு பி.எஃப். ஆபீசுக்குப் போக வேண்டும்.

எங்கள் கணக்கில் நாமினி என்று இருந்தது அத்தையின் பெயர், கல்யாணத்துக்கு முன் போட்டது. அதைப் பார்த்து எனக்கு உயிரே போனது போல் இருந்தது. விதி என்னவென்றால், கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாததாகிவிடும். பி.எஃப். ஆபீசில் இருந்த ஒரு வயதான அலுவலர் இதைப் பொறுமையாக விளக்கினார். செல்லாமல் போனால் குடும்பத்தாருக்குச் சமமாகப் பிரியும்.

கூடவே இரண்டு. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு பிடித்திருந்தால் ஈமச்சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை உண்டு, மூன்று மாதத்துக்குள் கிளை அலுவலகத்தில் கேட்க வேண்டும். வேலை செய்யும்போது நடந்த விபத்தால் இறந்திருந்தால் சம்பளத்தில் 90 சதவீதம் வரை குடும்பத்துக்கு மாதாமாதம் வரும். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து வருடம் வேண்டும் என்ற விதி இறந்தவருக்குப் பொருந்தாது. இதைக் கம்பெனிக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

கட்டட வேலை, ஆட்டோ, சுமைப்பணி, தையல் என்று கூலி வேலையில் இருந்தவர் என்றால் நலவாரிய அட்டை இருக்கிறதா என்று பெட்டியைத் துழாவுங்கள். இயற்கை மரணத்துக்கும் விபத்து மரணத்துக்கும் தனித்தனி உதவி உண்டு. மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள். அட்டை புதுப்பிக்காமல் இருந்தாலும் போய்க் கேட்டுவிடுங்கள்.

7. கடன்காரர்கள்

பதினெட்டாம் நாள் காலை ஏழரைக்கு வாசலில் குழுக்கடன் வசூலிக்கும் தம்பி நின்றார். நான் குளித்துவிட்டுக்கூட வரவில்லை. "அக்கா, மத்தவங்க கட்டணும் இல்லன்னா" என்றார். குழுவில் இருக்கும் மற்ற ஒன்பது பெண்களும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்ற வெட்கத்தில் கம்மலை அடகு வைத்து இரண்டு தவணை கட்டினேன். கட்டியிருக்க வேண்டியதே இல்லை.

கடன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான நுண்கடன்களில் பணம் கொடுக்கும்போதே காப்பீட்டுக்கென்று சில நூறு ரூபாய் பிடித்திருப்பார்கள். கடன் வாங்கியவர், அவர் கணவர் அல்லது மனைவி, இருவரில் யார் இறந்தாலும் மீதிக் கடன் அதில் கழியும்படி பல இடங்களில் இருக்கும். என் அட்டையில் அது எனக்கும் அவருக்கும் சேர்த்துப் போட்டிருந்தது. இறப்புச் சான்றிதழ் நகலைக் கிளையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்த பிறகு பாக்கி இல்லை என்ற சான்றையும் வாங்காமல் விடாதீர்கள். வீட்டுக்கடன், வண்டிக்கடனிலும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. இதைச் சத்தம் போடாமல் சொன்னாலே போதும்.

அவர் தனியாக வாங்கிய கடனுக்கு நீங்கள் ஜாமீன் போடவில்லை என்றால், அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் அந்தக் கடன் உங்களைத் தொடும். உங்கள் சம்பளத்தையோ உங்கள் தாலிக்கொடியையோ தொடாது. கைமாற்று என்று வருகிறவர்களிடம் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். உண்மையான கடன் என்று மனதுக்குத் தெரிந்தால், பணம் வந்த பிறகு தருகிறேன் என்று தேதி சொல்லாமல் சொல்லுங்கள். புதிதாக எந்த புரோநோட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள், உங்கள் பேரில் புதுக்கடனாக மாறிவிடும்.

8. சாலை விபத்து என்றால்

எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இரண்டும் வாங்கிவிடுங்கள். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு வந்துவிட்டது. அடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் 2 லட்சம் இழப்பீடு உண்டு. சொந்த வண்டியில் தானே விழுந்து இறந்திருந்தாலும், வண்டி அவர் பெயரில் இருந்து, ஓட்டுநர் உரிமமும் நடப்பு இன்சூரன்ஸும் இருந்தால், உரிமையாளர் தனிநபர் விபத்துக் காப்பீடாக 15 லட்சம் இருக்கிறதா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வக்கீல் என்று அட்டை நீட்டுவார்கள். வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் இலவசம். தொலைபேசி எண் 15100.

வண்டியைப் பெயர் மாற்ற மூன்று மாதத்துக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 31.

9. ரேஷன் கார்டு, விதவை ஓய்வூதியம்

முதலில் ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்கி, குடும்பத் தலைவராக உங்கள் பெயரைப் போடுங்கள். பெயரை நீக்கவே மனம் வராது. எனக்கு நான்கு மாதம் வரவில்லை. ஆனால் அது நடக்காமல் அடுத்த விண்ணப்பம் நகராது.

ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,000-லிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. 18 வயது நிரம்பியிருந்தால் கேட்கலாம். இ-சேவையில் விண்ணப்பித்தால், தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். படிவத்தில் 'விதவை' என்ற சொல்லை முதன்முதலாக என் கையால் எழுதிய நிமிடம் பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். இ-சேவைத் தம்பி ஒன்றும் கேட்காமல் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தான்.

பி.எஃப். ஓய்வூதியம் வருகிறது என்று என் மனு தள்ளுபடி ஆனது. எங்கள் லைன் வீட்டில் இருந்த, சுமைப்பணித் தொழிலாளியின் மனைவிக்கு நான்கு மாதத்தில் கிடைத்தது. வேறு ஓய்வூதியம் இருந்தால் மறைக்காதீர்கள். குடும்பத்துக்குச் சம்பாதித்தவர் 60 வயதுக்குள் இறந்த வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு, தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் ஒரே தவணையாக 20,000 ரூபாய் இருக்கிறது. அதே அலுவலகத்தில் சேர்த்தே கேளுங்கள்.

எங்கேயாவது இரண்டு மாதத்துக்கு மேல் பதில் இல்லாவிட்டால், திங்கட்கிழமை கலெக்டரிடம் ரசீது எண்ணோடு மனு கொடுங்கள், அல்லது முதல்வரின் உதவி எண் 1100-க்கு அழைத்துப் பதியுங்கள்.

10. பிள்ளைகள்

மகனைத் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்றினேன். ஃபீஸ் பாக்கி என்று மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) தர மறுத்தார்கள். எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதம் என்று சொல்லி அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம். தலைமையாசிரியர் அன்றே சேர்த்துக்கொண்டார். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், கல்லூரி போகும்போது பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும்.

'மிஷன் வாத்சல்யா' நிதி ஆதரவு பற்றிப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. தந்தையை இழந்து தாயின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. வருட வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். கேட்பவர் அதிகம், அதனால் காத்திருக்க நேரலாம். விபத்தில் தந்தையை இழந்த அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவருக்கு 75,000 ரூபாய் உதவியும் உண்டு. அதற்குத் தலைமையாசிரியரிடம்தான் போக வேண்டும்.

11. உங்கள் கையில் ஒரு தொழில்

வரும் பணத்தை எடுத்து வீட்டுச் செலவு செய்தால் இரண்டு வருடத்தில் கரைந்துவிடும். ஜீவன் ஜோதிப் பணம் 2 லட்சத்தையும் பிள்ளைகள் பேரில் அஞ்சலகத்தில் போட்டுவிட்டு, தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்கு நான் போனேன். ஷிஃப்டுக்கு 380 ரூபாய். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பதினைந்து நிமிடம் ஓவர்லாக் மிஷினில் உட்கார விடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். வெட்டுத் துணியில் நேராக ஓட்டவே இரண்டு வாரம் ஆனது. ஐந்து மாதத்தில் டைலர் சம்பளம், 590. பக்கத்தில் எந்தத் தொழில் ஓடுகிறதோ அதில் அடுத்த படி எது என்று பாருங்கள். ஊரில் ஓடாத தொழிலுக்குப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கி வைப்பதில் பயனில்லை.

20 முதல் 40 வயதுக்குள் இருந்து தையல் தெரிந்தால், சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கைம்பெண்கள் மற்றும் ஆதரவற்ற மகளிர் நலவாரியத்தில் பதிவதும் அங்கேயேதான்.

பத்தாவதோ அதற்கு மேலோ படித்திருந்தால் ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியரிடம் 'ஆதரவற்ற விதவைச் சான்றிதழ்' வாங்குங்கள். தாசில்தார் தரும் வெறும் 'விதவைச் சான்றிதழ்' வேறு, வேலைக்கு அது செல்லாது. இரண்டும் ஒன்று என்று நினைத்து விண்ணப்பத்தில் தவறான சான்றை இணைத்து வாய்ப்பை இழந்தவரை நான் அறிவேன். அரசுப் பணியில் பெண்களுக்கான இடங்களில் பத்தில் ஒரு பங்கு ஆதரவற்ற விதவைகளுக்கு, வயது வரம்பிலும் சலுகை. சத்துணவு, அங்கன்வாடி வேலைகளிலும் முன்னுரிமை உண்டு.

இரவில் தூக்கம் வராமல், உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள். தமிழில் பேசுவார்கள், காசில்லை, எந்த நேரமும் எடுப்பார்கள். மூன்றாம் மாதம் ஒரு நாள் நான் அழைத்திருக்கிறேன். நாற்பது நிமிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

12. வருடா வருடம்

பி.எஃப். ஓய்வூதியத்துக்கு வருடத்துக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். கொடுத்த தேதியிலிருந்து ஒரு வருடம் செல்லும், வங்கியிலோ இ-சேவையிலோ விரல் வைத்தால் போதும். மறந்தால் அடுத்த மாதமே பணம் நின்றுவிடும். போனில் ஒரு மாதம் முன்னதாக நினைவூட்டல் போட்டு வையுங்கள். உங்கள் சொந்த வங்கிக் கணக்கு, பி.எஃப்., பாலிசி எல்லாவற்றிலும் இன்னும் அவர் பெயர்தான் நாமினியாக இருக்கும். அதை மாற்ற ஒரு நாள் லீவு போடுங்கள். உங்கள் கணக்கில் மே கடைசியில் 456 ரூபாய் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 436-ம் 20-ம் பிடிக்க அது வேண்டும்.